ஒன்றரை அங்குலம் தாழ்ந்த வண்டி

பனச்சமூட்டுக்கு இறங்கும் சரிவில், ஐப்பசி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில், ஜெயனின் வலது கால் தானாக நீண்டது.

அந்தக் கால் அவன் சொன்னதைக் கேட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. மாராயமுட்டத்தில் ஒரு மாடி வீட்டுக்குத் தகரக் கூரை போட்டுக்கொண்டிருந்தபோது பாசியில் வழுக்கி விழுந்தான். முதுகெலும்பு உடைந்தது. தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. உணர்ச்சிதான் போயிற்றே தவிர, கால்கள் சும்மா கிடப்பதில்லை. குளிர்ந்தால், குலுங்கினால், சில நாள் ஒரு காரணமும் இல்லாமல், தொடையிலிருந்து ஓர் இழுப்பு கிளம்பும். கால் விறைத்து நீளும், கொஞ்ச நேரம் நடுங்கும், பிறகு அடங்கும். வீட்டில் என்றால் மனைவி ஷிஜி வந்து முழங்காலை மடக்கிப் பிடித்துக்கொள்வாள்.

அன்று அவன் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்தான். பக்கத்து இருக்கையில் பத்து வயது மகள் ஜோஸ்னா பையை மடியில் வைத்துக்கொண்டு மலையாளப் பாடத்துச் செய்யுள் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

வண்டி கையாலேயே ஓட்டும்படி மாற்றியமைத்தது. கியர் தானே மாறிக்கொள்ளும். ஸ்டீயரிங்குக்கு இடப்புறம் ஒரு கம்பி. தன் பக்கம் இழுத்தால் வேகம், முன்னால் தள்ளினால் அது பிரேக் பெடலை அமுக்கும். கால்கள் எங்கும் போகாமலிருக்கக் கணுக்காலில் ஒரு பட்டை. மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கும் கடை பனச்சமூட்டில். போகிற வழியில் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போவான். ஒரு வருடமாக இப்படித்தான்.

சரிவு தொடங்கும் இடத்தில் வேகத்தடையாக ஒரு ஹம்ப் உண்டு. வழக்கம்போல வேகம் குறைத்துத்தான் ஏறினான். ஹம்பை அடுத்து, குழாய் பதிக்கத் தோண்டி மூடியிருந்த பள்ளம் முந்தைய நாள் மழையில் உள்வாங்கியிருந்தது அவனுக்குத் தெரியாது. முன்சக்கரங்கள் அதில் விழுந்தபோது இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம் கேட்டது. வண்டி ஒருமுறை கீழே இடித்து மேலே எகிறியது. ஜெயன் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டு மறுபடி உட்கார்ந்தான். அந்தக் குலுக்கலில் கால் விறைத்தது. பட்டை பிய்ந்தது. பாதம் நேராகப் போய் பிரேக் பெடலுக்கு அடியில் செருகிக்கொண்டது.

கம்பியைத் தள்ளினான். ஒரு விரற்கடை நகர்ந்து நின்றுவிட்டது. மறுபடி தள்ளினான். சுவரைத் தள்ளுவது போலிருந்தது.

கீழே, சாலையோரத்தில், தொழிலுறப்பு என்கிற நூறுநாள் வேலைக்கு வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் முதுகைக் காட்டிக் குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி சரிவில் வேகம் பிடித்தது. ஒருத்தியின் தலையில் கட்டியிருந்த பச்சைத் துண்டு மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தான். செம்மண் திட்டில் முன்பக்கம் ஏறி, மண்ணை வாரிக்கொண்டு, உரசி உரசி வண்டி நின்றது. கைப்பிரேக் என்று ஒன்று இருப்பதே நின்ற பிறகுதான் அவன் நினைவுக்கு வந்தது. கடைசியாக நின்ற பெண்ணுக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் இடம்தான் இருந்தது.

அவர்கள்தான் ஓடி வந்து கதவைத் திறந்தார்கள். பச்சைத் துண்டுக்காரி குனிந்து அவன் பாதத்தைப் பெடலுக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்தாள். பிள்ளைக்கு ஏதாவது பட்டதா என்று கேட்டார்கள். ஜோஸ்னா இல்லையென்று தலையாட்டினாள். ஜெயனின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தொப்புளுக்குக் கீழே அவனுக்கு வியர்ப்பதும் இல்லை.

பத்து நிமிடம் கழித்து, கால்களைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் ஓட்டிப் போய் மகளைப் பள்ளி வாசலில் இறக்கினான். அவள் கதவைச் சாத்தும் முன், “அம்மாட்ட சொல்லாண்டாம், கேட்டியா மக்கா. அவ பயந்துருவா,” என்றான்.

“செரி,” என்று சொல்லிவிட்டு ஜோஸ்னா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வண்டி அந்த நிலைக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வாங்கும்போது அது உயரமான சின்ன வண்டி. தலை இடிக்காது என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அதன் இருக்கை அவனுடைய சக்கர நாற்காலியைவிட மூன்று அங்குலம் உயரம். இடையில் ஒரு வழவழப்பான பலகையைப் போட்டு, கைகளை ஊன்றி, நாற்காலியிலிருந்து வண்டிக்குச் சறுக்கிப் போக வேண்டும். மூன்று அங்குலம் மேல்நோக்கிச் சறுக்க முடியவில்லை. ஷிஜி இடுப்பைப் பிடித்துத் தூக்குவாள். ஒரு மழை நாளில் அப்படித் தூக்கும்போது அவள் கால் வழுக்கி, இருவரும் வண்டிக்கும் நாற்காலிக்கும் நடுவில் விழுந்தார்கள். அக்கம்பக்கத்து ஆள் வரும்வரை அவனுடைய பாரம் முழுவதும் அவள் மணிக்கட்டின்மேல் கிடந்தது. அந்தக் கை இன்றும் தண்ணீர்க் குடம் பிடிக்காது.

அதன் பிறகு அவனோடு பள்ளியில் படித்த சத்தியராஜ்தான் ஒரு வழி சொன்னான். அவனுக்கு நெய்யாற்றின்கரை பக்கம் ஒர்க்‌ஷாப். வண்டியைத் தாழ்த்திவிடலாம் என்றான். நான்கு ஸ்பிரிங்கையும் கழற்றி, ஒன்றரைச் சுற்று அறுத்து மாட்டினான். கூலி வாங்கவில்லை. வண்டி இரண்டரை அங்குலம் இறங்கியது. மறுநாள் காலை ஜெயன் யாரும் தொடாமல் தானே வண்டிக்குள் ஏறி, தானே நாற்காலியை மடக்கிப் பின்னால் போட்டு, தனியாகப் போய் வெள்ளறடையில் ஒரு சாயா வாங்கி, வண்டியிலேயே உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தான். அந்தச் சாயாவைப் பற்றி ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தான்.

வண்டி கட்டையாக ஓடுகிறது, ஒவ்வொரு கல்லும் முதுகில் இடிக்கிறது என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கீழே வலி தெரியாதவனுக்கு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

திங்கட்கிழமைக்குப் பிறகு பயம் அவனை வீட்டில் கட்டிப்போட்டது. செவ்வாய்க்கிழமை கடைக்குப் போகாமல் பேட்டரி இறங்கிவிட்டது என்றான். ஷிஜி முன்பக்க நெளிவைக் கேட்டதற்கு, கடை வாசலில் யாரோ இடித்துவிட்டார்கள் என்றான். கண்ணை மூடினால் பச்சைத் துண்டு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து மிக்ஸியைப் பிரிக்கும்போது கால் லேசாகத் துடித்தால்கூட, கை தன்னையறியாமல் முன்னால் போய் இல்லாத கம்பியைத் தள்ளியது. இழுப்பும் அடிக்கடி வந்தது. முன்பு நாளுக்கு நாலைந்து தடவை வந்தது, இப்போது மணிக்கு மணி வந்தது.

புதன்கிழமை ஜோஸ்னா அம்மாவிடம் போய், இனி பஸ்ஸில் போகிறேன், கூட்டுக்காரிகள் எல்லாம் பஸ்ஸில்தான் வருகிறார்கள் என்றாள். ஷிஜிக்கு அது சாதாரண ஆசையாகப் பட்டது. பக்கத்து அறையில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜெயனுக்குப் புரிந்தது. பிள்ளை அவனுக்குப் பயப்படுகிறாள்.

ஷிஜி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். தினமும் இரவு உணவுக்கு முன் அவன் முதுகையும் இடுப்பையும் ஒருமுறை பார்ப்பது அவள் வழக்கம். உணர்ச்சி இல்லாத உடம்பில் புண் வந்தால் உடையவனுக்கே தெரியாது. அந்த வாரம் அவன் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டான். வெள்ளிக்கிழமை அவள் கேட்கவில்லை, புரட்டிப் போட்டுப் பார்த்தாள். இடது பிட்டத்தில், எலும்பு அழுந்தும் இடத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் சிவந்து, நடுவில் பிளந்திருந்தது.

மறுநாள் காலை பஞ்சாயத்திலிருந்து, வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் ஆர்யா வந்தாள். புண்ணைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். எங்காவது விழுந்ததுண்டா, நாற்காலி மெத்தை மாற்றியதுண்டா, கட்டையான இடத்தில் அதிக நேரம் உட்கார்ந்ததுண்டா. எல்லாவற்றுக்கும் ஜெயன் இல்லை என்றான். அப்போது கதவருகே நின்ற ஜோஸ்னா அழத் தொடங்கினாள்.

“நான் ஒண்ணும் சொல்லல்ல அம்மா,” என்றாள். “அப்பா சொல்லாண்டாம்னு சொன்னாவ.”

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. கவிழ்ந்து படுத்தபடியே, தலையணையைப் பார்த்துக்கொண்டு, ஜெயன் நடந்ததை எல்லாம் சொன்னான். ஆர்யா அவசரப்படாமல் கேட்டாள். வண்டி இடிக்கிற ஒவ்வோர் இடியும் அந்த எலும்பில்தான் விழுந்திருக்கிறது, புண் அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்றாள். உணர்ச்சி போன உடம்புக்குப் புண் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது, அது காலை இழுத்துத்தான் சொல்லும், இழுப்பு கூடியது அதனால்தான் என்றாள். மருந்து வைத்துக் கட்டிவிட்டு, கிளம்பும்போது ஒரே கட்டளைதான் இட்டாள். மூன்று வாரம் உட்காரக் கூடாது.

“பேடிக்கண்டா சேட்டா,” என்றாள் வாசலில் நின்று. “பக்ஷே, இருக்கான் பாடில்லா.” பயப்பட வேண்டாம், ஆனால் உட்காரக் கூடாது என்று மலையாளத்தில் மறுபடியும் சொன்னாள்.

ஷிஜி திட்டவில்லை. அதுதான் ஜெயனுக்கு இன்னும் பயமாக இருந்தது. வெளியே போய் வண்டியின் நெளிந்த முன்பக்கத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தபோது அவள் குரல் ஒரே சீராக இருந்தது.

“வண்டிய பழையபடி ஒசத்திருவோம். நான் தூக்குகேன்.”

“ஒருக்கா விழுந்தது போராதா ஷிஜி? உனக்க கை இன்னும் செரியாவல்ல.”

“எனக்க கை போனா போட்டு. பிள்ளைய கொண்டு இடிச்சிருந்தியன்னா? அந்த பொம்பளையள்ல ஒருத்தி செத்திருந்தா?” சொல்லிவிட்டு அவள் விலகிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, “எங்கிட்ட சொல்லாம அஞ்சு நாளு இருந்திய. அந்த பிள்ளையும் அஞ்சு நாளு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கு. எனக்கு அதாக்கும் தாங்க முடியல்ல,” என்றாள்.

ஜெயன் கையை நீட்டினான். அவள் எழுந்து போனாள். கொஞ்சம் கழித்து அவளே வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தியராஜ் அன்று மதியமே வந்தான். முற்றத்தில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே வந்தபோது அவன் உள்ளங்கையில் கறுப்பு ரப்பர் துண்டுகள் கிடந்தன. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கட்டிலில் கவிழ்ந்து கிடந்த ஜெயனுக்கு நண்பனின் முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“எலே ஜெயா, இத நானாக்கும் செஞ்சது,” என்றான்.

விஷயம் இதுதான். ஸ்பிரிங்கை அறுத்தவன் ஷாக் அப்சார்பரை மாற்றவில்லை. ஷாக் என்பது ஒரு குழாயும் அதற்குள் போய்வருகிற தண்டும்தான். வண்டி பள்ளத்தில் விழும்போது தண்டு உள்ளே போய் அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டரை அங்குலம் இறங்கிய வண்டியில் அந்தத் தண்டு எப்போதும் பாதிக்குமேல் உள்ளேயே இருந்தது. மீதி இடம் ஓர் அங்குலம்கூட இல்லை. சின்னக் கல்லில் ஏறினாலும் அந்த ஓர் அங்குலம் தீர்ந்து, கடைசியில் இருக்கிற ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். ஒரு வருடம் இடித்து இடித்து அந்த ரப்பர் பொடிந்துபோயிருந்தது. திங்கட்கிழமை கேட்டது இரும்பில் இரும்பு மோதிய சத்தம்தான்.

சத்தியராஜ் வண்டியை உயர்த்திவிடலாம், பழைய ஸ்பிரிங் தேடித் தருகிறேன், இந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்றான். ஜெயன் மனத்துக்குள் கணக்குப் போட்டான். உயர்த்தினால் ஷிஜி தூக்க வேண்டும். தாழ்த்தினால் கால் இழுக்கும். இரண்டுக்கும் நடுவே ஏதாவது இருந்தாக வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றியது. யோசிக்கச் சொல்லிவிட்டு நண்பனை அனுப்பினான். யோசிப்பதைத் தவிர அவனுக்கும் வேறு வேலை இல்லை.

அப்படித்தான் அந்த மூன்று வாரமும் போயிற்று. நெஞ்சுக்கு அடியில் தலையணை, கட்டில் விளிம்புக்கு வெளியே தலை, தரையில் செல்போன். சக்கர நாற்காலிக்காரர்கள் வண்டி ஓட்டுவது பற்றிப் பேசும் குழு ஒன்றில் அவன் இருந்தான். அதில் கேட்டான். திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்காரனிடம் கேட்டான். கடைக்காரன் உற்சாகமாக, தாழ்ந்த வண்டி என்றால் ரேஸ் வண்டிக்குப் போடுகிற இறுக்கமான ஷாக்தான் போட வேண்டும், ஒருபோதும் அடியில் இடிக்காது என்றான். சத்தியராஜ் அதில் ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கிக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தான். ஜெயன் இரண்டு கையாலும் தண்டை அமுக்கிப் பார்த்தான். அசைய மறுத்தது. இடிக்காததற்குக் காரணம் அது அசையாததுதான். கல்லின் அடியைத் தான் வாங்காமல் அப்படியே மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு அனுப்பிவிடும். கட்டுப் போட்ட இடத்தை நினைத்துக்கொண்டான். வேண்டாம் என்றான்.

அடுத்து வந்தது சாதாரண ஷாக், எண்ணெய் நிறைத்தது. வெண்ணெய் மாதிரி உள்ளே போயிற்று. போனது போகட்டும், பழைய நீளம்தான், மறுபடி ரப்பரில்தான் போய் இடிக்கும் என்று சத்தியராஜே சொல்லிவிட்டான்.

எந்த நாளும் நல்ல நாளாக இருக்கவில்லை. புண் ஆறுகிறதா இல்லையா என்று தெரியாமல் கிடப்பது ஒரு பயம். ஆறி எழுந்தால் மறுபடி ஓட்ட வேண்டுமே என்பது அதைவிடப் பெரிய பயம். சில மதியங்களில், வீட்டில் யாரும் இல்லாதபோது, வண்டியை விற்றுவிடலாம், வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து மிக்ஸி பார்க்கலாம் என்று நினைப்பான். அந்த நினைப்பு தருகிற நிம்மதியைக் கண்டு அவனே நடுங்குவான். அந்த நிம்மதியில் விழுந்தால் பிறகு வாசல் தாண்ட மாட்டோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஜோஸ்னா தினமும் பள்ளி விட்டு வந்து கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். பக்கத்தில் உருண்டு கிடக்கும் ஷாக்குகளை அவள் தொட்டதே இல்லை. காலால்கூடத் தள்ளவில்லை. சுற்றிப் போவாள்.

மூன்றாவது வகையைப் பற்றிக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். குழாயே குட்டையாகச் செய்த ஷாக். தாழ்ந்த வண்டிக்கென்றே உள்ளது. குழாய் குட்டையானதால் வண்டி தாழ்ந்தாலும் தண்டுக்கு உள்ளே போக இடம் மிஞ்சும். அடியில் ஒரு திருகு உண்டு. அதை முடுக்கினால் தண்டு வெளியே வரும் வேகம் குறையும். உள்ளே போவது மெதுமெதுவென்று, திரும்பி வருவது அடக்கமாக. தன்னைத் தூக்கி எறிந்தது பள்ளத்தில் விழுந்த அடி மட்டுமல்ல, வண்டி திரும்ப எகிறியதுதான் என்று ஜெயன் நூறு தடவை மனத்தில் ஓட்டிப் பார்த்திருந்தான். இதுதான் என்று நினைத்தான். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அது தன் வேலையைச் செய்ய வேண்டுமானால் வண்டி ஒன்றரை அங்குலத்துக்குமேல் தாழக் கூடாது. அதற்கென்று உள்ள ஸ்பிரிங்தான் போட வேண்டும், அறுத்தது ஆகாது. மீதி ஓர் அங்குல உயரத்தை எப்படி ஏறுவது?

அந்த ஓர் அங்குலத்தைக் கண்டுபிடித்தது ஷிஜி. புண் வந்தவனுக்குக் காற்று நிரப்பிய மெத்தை வேண்டும் என்று ஆர்யா ஏற்பாடு செய்து கொண்டுவந்திருந்தாள். ஷிஜி அதை நாற்காலியில் போட்டு, தானே உட்கார்ந்து பார்த்தாள். எழுந்தாள். தையல் டேப்பை எடுத்து வந்து அளந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். பிறகு உள்ளே வந்து, பழைய மெத்தையைவிட இது ஓர் அங்குலம் உயரம் என்று சொன்னாள். நாற்காலி ஓர் அங்குலம் உயர்ந்தால் வண்டி அத்தனை தாழ வேண்டாம். ஜெயன் கட்டிலில் கிடந்தபடி சிரித்தான். அந்த மாதத்தில் அவன் சிரித்தது அப்போதுதான்.

இருபத்திமூன்றாவது நாள் ஆர்யா புண்ணைப் பார்த்துவிட்டுத் தோல் மூடிவிட்டது என்றாள். முதலில் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும், பிறகு அரை மணி, அவசரம் கூடாது. அதற்குள் சத்தியராஜ் வேலையை முடித்திருந்தான். புதிய ஸ்பிரிங், குட்டை ஷாக், மெத்தென்ற புதிய ரப்பர் கட்டை. பெடல்களுக்கு முன்னால் ஒரு தகரத் தட்டி அடித்து, கால் எவ்வளவு நீண்டாலும் அதைத் தாண்டிப் போகாதபடி வைத்தான். பட்டைக்குப் பதில் இரட்டைப் பெல்ட். எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஜெயனின் எடைக்கு அரிசிச் சாக்குகளை ஏற்றிக்கொண்டு அவனே பத்துத் தடவை அந்தச் சரிவில் போய்வந்தான். தண்டு எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்க்க, அதில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டியை இறுக்கி மாட்டியிருந்தான். தண்டு போகும் தூரத்துக்குப் பட்டி தள்ளிக்கொண்டு போய் நிற்கும். முதல் தடவை அது கடைசிவரை போய்விட்டது. பின்பக்க ஸ்பிரிங் தன் இடத்தில் சரியாக உட்காரவில்லை என்று கண்டுபிடித்து மறுபடி கழற்றினான். ஐந்தாவது தடவைக்குப் பிறகு ஒரு கட்டைவிரல் இடம் மிஞ்சியது. அந்த இடத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டுவந்து ஜெயனுக்குக் காட்டினான்.

ஓட்டும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு. பலகையில் சறுக்கி ஏறியபோது அரை அங்குலம் எதிர்த்தது. கையை ஊன்றி ஒரு மூச்சில் தாண்டிவிட்டான். ஷிஜி இரண்டு கையையும் நீட்டியபடி பக்கத்தில் நின்றாளே தவிர தொடவில்லை. சத்தியராஜ் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டு, கைப்பிரேக்கின்மேல் கையை வைத்துக்கொண்டான்.

முதல் மைல் தூரத்தில் ஜெயன் ஒன்றை உணர்ந்தான். சத்தம் இல்லை. ஒரு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுப் பழகிய அந்த டக்கு டக்கு இல்லை. ரோட்டில் கிடந்த கல்மேல் சக்கரம் ஏறுவது தெரிந்தது. ஆனால் அது சக்கரத்தோடு நின்றது, அவன்வரை வரவில்லை.

ஆனாலும் ஹம்புக்கு முன்னால் போய் வண்டியை நிறுத்திவிட்டான். கை கம்பியில் ஒட்டிக்கொண்டது. கீழே சாலையில் ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை. இருந்தும் ஏழெட்டு முதுகுகள் குனிந்து நின்றன. பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. சத்தியராஜ் கைப்பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பஸ் மறுபடி அடித்தது. பிறகு சுற்றிக்கொண்டு தாண்டிப் போயிற்று. டிரைவர் ஏதோ திட்டிவிட்டுப் போனார்.

“எலே, எனக்கு முடியல்ல,” என்றான் ஜெயன்.

“செரி. திரும்புவோம்.”

“திரும்பாண்டாம்.”

கம்பியை ஒரு நூல் அளவுக்கு இழுத்தான். முன்சக்கரம் ஏறியது, இறங்கியது, இன்னும் சரியாக மூடாத பள்ளத்தில் விழுந்தது. வண்டி ஒருமுறை குனிந்து, ஒருமுறை நிமிர்ந்து, அடங்கியது. எகிறவில்லை. ஆனால் ஜெயனின் வலது கால் துடித்தது. பாதம் தகரத் தட்டியில் நாலைந்து தடவை தட்டியது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பியைத் தள்ளினான். கம்பி தங்குதடையில்லாமல் போயிற்று. வண்டி சரிவின் நடுவில், அவன் நிறுத்திய இடத்தில், அப்படியே நின்றது.

சத்தியராஜ் கைப்பிரேக்கிலிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஷாக் மாற்றினால் பயம் போய்விடும் என்று ஜெயன் நம்பியிருந்தான். போகவில்லை. மறுவாரம் தனியாகக் கடைக்குப் போகத் தொடங்கினான். ஒவ்வொரு நாளும் அந்தச் சரிவுக்கு அரை மைல் முன்னாலேயே வாய் உலர்ந்தது. இழுப்பு குறைந்திருந்தது, பழையபடி நாளுக்கு நாலைந்துதான். ஆனால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? பயத்தையும் ஏற்றிக்கொண்டுதான் போனான், வந்தான். ஷிஜி தினமும் மாலையில் அவனைப் புரட்டிப் பார்த்தாள். அவன் நாளைக்கு என்று ஒருநாளும் சொல்லவில்லை.

ஜோஸ்னா பஸ்ஸில்தான் போனாள். ஜெயன் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்று ஷிஜியும் சொல்லியிருந்தாள்.

கார்த்திகை பாதியில், ஒரு வியாழக்கிழமை, விடிந்ததிலிருந்து மழை கொட்டியது. எங்கோ மரம் விழுந்து பஸ் வரவில்லை. ஜோஸ்னாவுக்கு அன்று அரைப் பரீட்சை. சீருடையோடு வராந்தாவில் நின்று மழையையும், அதற்கு அந்தப் பக்கம் வண்டியில் ஏறிக்கொண்டிருந்த அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஷிஜி குடையோடு வெளியே வந்து, டீச்சரிடம் போன் பண்ணிச் சொல்லிக்கொள்ளலாம், லீவு போடு என்றாள். ஜோஸ்னா மழையில் ஓடி வந்து, முன்கதவைத் தாண்டி, பின்கதவைத் திறந்து, அப்பாவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெயன் கண்ணாடியில் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பியதும் அவளுடைய இரண்டு கைகளும் வந்து அவன் இருக்கையின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டன. விரல்கள் அவன் தோளில் பட்டன. ஈரமாக, சில்லென்று. மழையில் பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியாமல் அவன் நத்தையாக ஓட்டினான். அவளை ஏற்றியிருக்கவே கூடாது என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தான்.

சரிவு வந்தது. தோளில் இருந்த விரல்கள் இறுகின.

“அப்பா, இப்பமா?”

“இப்பம்.”

முன்சக்கரங்கள் ஏறி இறங்கின. பின்சக்கரங்கள் ஏறி இறங்கின. கால் அசையவில்லை. சரிவின் அடிவரை அவன் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், ரோட்டையும் விடாமல், எப்படியோ இரண்டையும் பார்த்துக்கொண்டே போனான். அடிக்குப் போன பிறகும் விரல்கள் தோளை விடவில்லை. கொஞ்ச தூரம் போன பின்னர்தான் மெல்லத் தளர்ந்தன.

பள்ளி வாசலில் ஜோஸ்னா குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். கதவைச் சாத்தவில்லை. குடை விளிம்பிலிருந்து தண்ணீர் இருக்கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“வைகிட்டு பள்ளிக்கூடம் விட்டா நான் பஸ்சுல வந்துருவேன்,” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாளைக்கு காலத்த நீங்க கொண்டு விடுங்க,” என்றாள்.

அவள் கதவைச் சாத்திப் படியேறி மறையும்வரை ஜெயன் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்த ஆட்டோ வழி கேட்டு ஹாரன் அடித்தது. கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, கம்பியைத் தன் பக்கம் இழுத்தான்.